கோழி செத்தா பூச்சி மேல பழியா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. லீவு நாளாச்சே, பத்து மணி வரைக்கும் தூங்கலாம்னு இருந்தவனை ஏழரைக்கே போன் எழுப்பிடுச்சு. அம்மாயி. "கண்ணு, மூணு கோழி போயிருச்சு சாமி. அந்தச் செவலைக் கோழியும் போயிருச்சு" அப்படின்னாங்க. அதுக்கு மேல பேச்சு வரல. செவலைக் கோழின்னா அம்மாயிக்கு உசிரு. அடை வெச்ச முட்டையில ஒண்ணு ரெண்டு கூமுட்டை போக மிச்சம் எல்லாத்தையும் பொரிச்சுக் குடுக்கிற கோழி.

கோபிக்குப் பஸ் புடிச்சு, அங்கேருந்து டவுன் பஸ் மாறித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தா, விசாரணை முடிஞ்சு தீர்ப்பே எழுதியிருந்தாங்க. குற்றவாளி: பூச்சி. "தோட்டத்துல கண்ட புழுவையும் வண்டையும் தின்னா சாகாம என்ன பண்ணும்?" இது எங்க மாமா. "ஆமாங்க, இப்பெல்லாம் பூச்சியிலயே விஷமுங்க" இது பக்கத்துத் தோட்டத்துக்காரர். செல்போன்ல வந்த ஒரு மெசேஜைக் காட்டி, "தோட்டத்துப் பூச்சி தின்ற கோழியோட முட்டையைக் குழந்தைகளுக்குக் குடுக்கவே கூடாதாம்" இது டவுன்லேருந்து வந்திருந்த சித்தி. தண்டனையும் ரெடி. மிச்சம் இருக்கிற 15 கோழியையும் கம்பிக் கூண்டுல அடைச்சு மூட்டைத் தீவனம் போடறது. கட்டுப்படி ஆகலேன்னா சந்தையில வித்துடறது.

இதுல யாரும் அம்மாயியை ஒரு வார்த்தை கேக்கல. செத்தது அவங்க கோழி.

பி.காம் படிக்கிற பயலுக்குக் கோழி பத்தி என்ன தெரியும்னு நீங்க நினைக்கலாம். மாமாவும் அதைத்தான் கேட்டாரு. பி.காம்ல ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்காங்க. கணக்கு உதைச்சா, எந்தப் பக்கம் தப்பா எழுதியிருக்குன்னு தேடணும். எழுதினவன் பெரிய ஆளுங்கிறதுக்காக விட்டுடக் கூடாது. :-) அந்தத் தைரியத்துல சொல்றேன். தோட்டத்துப் பூச்சி கோழிக்கு விஷம்ங்கிறது தப்புக் கணக்கு. வேற ஒருத்தன் பண்ணின செலவைப் பூச்சி பேர்ல பற்று எழுதியிருக்காங்க.

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. கோழி எங்கேருந்து வந்துச்சு? நாமக்கல் பண்ணையிலேருந்து வரல. காட்டுலேருந்து வந்துச்சு. செங்காட்டுக்கோழிதான் இன்னிக்கு உலகத்துல இருக்கிற அத்தனை வீட்டுக் கோழிக்கும் முதன்மையான பாட்டன். நம்ம தென்னிந்தியாவுல இருக்கிற சாம்பல் காட்டுக்கோழிக்கும் இந்த வம்சத்துல ஒரு பங்கு உண்டு. வீட்டுக் கோழியோட மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழிகிட்டேருந்து வந்ததுன்னு 2008ல கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. இந்தப் பாட்டனுக்குக் காட்டுல யார் மூட்டையில தீவனம் கொண்டு போய்ப் போட்டா? இலைச் சருகைக் கிளறி, கரையான் புத்தைச் சீய்ச்சு, விதையும் புழுவும் வண்டுமாத் தின்னு வளர்ந்த ஜாதி. காலை வெச்சுக் கிளறி, ஒரு எட்டுப் பின்னால வெச்சு, தலையைச் சாய்ச்சு ஒரு கண்ணால பாத்துக் கொத்துற அந்த ஸ்டைல் எதுக்கு வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? மூட்டைத் தீவனத்தைக் கொத்தறதுக்கு அவ்வளவு டான்ஸ் தேவையே இல்ல.

அம்மாயிக்கு இந்தக் காட்டுக்கோழி கதையெல்லாம் தெரியாது. ஆனா கரையான் பானை தெரியும். பாக்காதவங்களுக்காகச் சொல்றேன். ஓட்டைப் பானை ஒண்ணு எடுத்து, உள்ளே காஞ்ச சாணி, கிழிஞ்ச சாக்கு, ஓலைத் துண்டு, மக்கின கட்டைன்னு கையில கிடைச்சதைத் திணிப்பாங்க. மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சு, கரையான் இருக்கிற இடமாப் பாத்து சாயங்காலம் கவுத்து வெச்சிடுவாங்க. காலையில நிமித்தினா உள்ளே வெள்ளை வெளேர்னு கரையான் கொழகொழன்னு இருக்கும். பஞ்சாரத்தைத் தூக்கிக் குஞ்சுங்க முன்னாடி கொட்டினா ரெண்டே நிமிஷம், காலி. பொரிச்ச குஞ்சு சீக்கிரம் ரெக்கை முளைச்சுத் தேறணும்னா புரதம் வேணும். அதை ஒரு பைசா செலவில்லாம வீட்டுக்குப் பின்னாடி ராத்திரியோட ராத்திரியாத் தயார் பண்ற தொழிற்சாலை அது. கரெண்டு வேண்டாம், ஜிஎஸ்டி வேண்டாம். :-)

கரையான் மட்டுமில்ல. மழை பேஞ்ச மறுநாள் ஈசல். வெட்டுக்கிளி, கரப்பான், வெட்டின கட்டைக்கு அடியில இருக்கிற பூரான். எருக்குழியைக் கிளறும்போது கட்டைவிரல் தண்டி வெள்ளைப் புழு சுருண்டு கிடக்குமே, அது தென்னையைத் தொளைக்கிற காண்டாமிருக வண்டோட புழு. அதைக் கோழி தின்னா கோழிக்கும் லாபம், தென்னைக்கும் லாபம். கோழி நடமாடுற வீட்டுல தேளே தங்காதுன்னு அம்மாயி சொல்வாங்க. தேளைக் கோழி கொத்தித் திங்கறதை நான் கண்ணால பாத்திருக்கேன். கொடுக்கோடயே முழுங்கினது நல்லாத்தான் இருந்துச்சு.

இப்ப எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். பூச்சியில ஆபத்தே இல்லையான்னு கேட்டா, இருக்கு. இதை மறைச்சுட்டு "இயற்கை எல்லாம் நல்லது"ன்னு கையைத் தூக்கற கோஷ்டியிலயும் நான் இல்ல. அதனால உண்மையான ஆபத்து என்னென்னன்னு வரிசையாச் சொல்லிடறேன்.

ஒண்ணு, நாடாப்புழு. இதுதான் பூச்சி மேல நியாயமா வைக்கக் கூடிய குற்றச்சாட்டு. கோழி வயித்துல இருக்கிற நாடாப்புழுவோட முட்டை எச்சத்துல வெளியே வரும். அதைச் சில வகை எறும்பும், சாணி வண்டும், வீட்டு ஈயும் தின்னும். அந்த எறும்பையோ வண்டையோ ஈயையோ மறுபடி கோழி தின்னா, கோழிக்குள்ள புது நாடாப்புழு. ஒரு வகைக்கு நத்தைதான் வாகனம். மூச்சுக்குழல்ல தங்குற இன்னொரு புழுவை மண்புழுவும் நத்தையும் சுமந்துட்டுத் திரியும். ஆனா கவனிங்க, இது மெதுவா நடக்கிற சமாச்சாரம். கோழி இளைக்கும், கொண்டை வெளுக்கும், முட்டை குறையும், எச்சத்துல அரிசி மாதிரி வெள்ளையாத் துண்டு தெரியும். காலையில மேஞ்ச கோழி அரை மணி நேரத்துல விழுந்து சாகாது. கால்நடை ஆஸ்பத்திரியில சொல்ற கணக்குப்படி குடற்புழு மருந்து குடுத்து, அடைக்கிற இடத்துல எச்சத்தை அள்ளிச் சுத்தமா வெச்சிருந்தா சமாளிக்கக் கூடிய விஷயம். சித்தி பயப்படற மாதிரி இந்த நாடாப்புழு முட்டை வழியாக் குழந்தைக்கு வராது. அது ஒரு பூச்சிக்குள்ள தங்கி வளராம அடுத்த ஆளுக்குப் போகவே முடியாது.

ரெண்டு, செத்த உடம்புல நெளியற புழு. எலியோ கோழியோ செத்து அழுகிக் கிடந்தா, அந்த அழுகல்ல ஒரு பாக்டீரியா போட்டுலிசம்ங்கிற நோயைக் கொண்டு வர்ற நஞ்சை உண்டாக்கும். அதுல வளர்ற ஈப்புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா புழு உடம்புல நஞ்சு சேர்ந்திருக்கும். அதைத் தின்ற கோழிக்குக் கால் செயலிழந்து, கழுத்து நிமித்த முடியாம துணி மாதிரித் தொங்கிடும். இது நிஜமான ஆபத்து, உயிரையே எடுக்கும். தீர்வு? செத்ததை ஆழமாப் புதைக்கணும். வேலியோரம் தூக்கி வீசக் கூடாது. இங்கேயும் தப்பு புழு மேலயா, வீசின கை மேலயா?

மூணு, தற்காப்புக்கு மருந்து வெச்சிருக்கிற பூச்சிங்க. துவரைப் பூவிலயும் செம்பருத்திப் பூவிலயும் கறுப்பும் ஆரஞ்சுமாப் பட்டை போட்ட ஒரு வண்டு உக்காந்திருக்கும். கையில நசுக்கினா கொப்புளம் வரும். அதோட உடம்புல காந்தாரிடின்னு ஒரு நஞ்சு. இதே குடும்பத்து வண்டு குதிரை மசால் கட்டுல சிக்கி, அதைத் தின்ற குதிரைங்க அமெரிக்காவுல செத்திருக்கு. ரயில்பூச்சியும் தொட்டா ஒரு நாத்தம் புடிச்ச திரவத்தை விடும். எருக்கஞ்செடியில கறுப்பு, மஞ்சள், வெள்ளைன்னு வரி போட்ட புழு இருக்கும். எருக்கம்பாலோட நஞ்சை உடம்புல சேத்து வெச்சிருக்கும். அமெரிக்காவுல 1960கள்ல லிங்கன் பிரவர்ங்கிற விஞ்ஞானி, இந்த ஜாதிப் பட்டாம்பூச்சி ஒண்ணை ஒரு பறவைக்குத் திங்கக் குடுத்தாரு. அது தின்னுட்டு வாந்தி எடுத்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் பட்டாம்பூச்சியைப் பாத்தாலே கிட்ட போகல. கோழியும் அப்படித்தான். கொத்திப் பாத்து, கசந்தா உதறிட்டு, அலகை மண்ணுல தேய்ச்சுக்கிட்டுப் போயிடும். பளிச்சுனு கலர் அடிச்ச பூச்சி "என்னைத் தின்னாதே"ன்னு போர்டு மாட்டிட்டு உக்காந்திருக்கு. அந்த போர்டைக் கோழி படிச்சிடும். ஆனா கூண்டுல பசியோட கிடக்கிற கோழிக்கு முன்னால நீங்களே பூச்சியைப் புடிச்சுக் கொட்டினா அதுக்கு வேற வழியில்ல. அதனால புடிச்சுப் போடறவங்க இந்தக் கலர் பார்ட்டிகளை ஒதுக்கிட்டுப் போடுங்க.

அவ்வளவுதான் பட்டியல். இதுல எதுவும் அம்மாயியோட மூணு கோழியும் செத்த மாதிரி சாகடிக்காது.

அது எப்படிச் செத்துச்சு? காலையில ஆறரைக்குப் பஞ்சாரத்தைத் திறந்து விட்டிருக்காங்க. வாழைக்காட்டுப் பக்கம் போயிருக்கு. ஏழு மணிக்கு மூணும் வாயில எச்சில் ஒழுக, கால் மடங்கி, ரெக்கையை அடிச்சுக்கிட்டு, மூச்சு முட்டி விழுந்திருக்கு. வெள்ளைக்கழிசலா இருந்தா இப்படி இருக்காது. அது வந்தா ரெண்டு மூணு நாள் உறங்கி வழிஞ்சு, பச்சையும் வெள்ளையுமாக் கழிஞ்சு, கழுத்து முறுக்கிக்கிட்டு, ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் பரவி, கூட்டத்தையே காலி பண்ணும். அந்த நோய்க்கு ராணிக்கெட்னு உத்தரகண்ட் ஊர் ஒண்ணோட பேரே இருக்கு. 1920கள்லயே அடையாளம் கண்டு, தடுப்பூசியும் வந்தாச்சு. கால்நடைத்துறை கிராமங்கள்ல இலவசமாவே போடறாங்க. அம்மாயி கோழிக்கெல்லாம் போட்டாச்சு.

நான் மாமாகிட்ட கேட்டேன். "மாமா, வாழைக்கு ஏதாச்சும் போட்டீங்களா?"

"முந்தாநாள் புதுக் கன்னு நட்டதுக்குக் குருணை வெச்சோம். அதுக்கும் கோழிக்கும் என்னடா சம்பந்தம்? அது மண்ணுக்குள்ள இருக்குது."

அதுக்குள்ள அம்மாயி வற்புறுத்தி வரச் சொன்ன கால்நடை மருத்துவர் வந்துட்டாரு. செவலைக் கோழியோட தீனிப்பையை அறுத்துக் காட்டினாரு. ஈர மண், ரெண்டு வெள்ளைப் புழு, அதோட மணல் மணலாச் சாயம் போட்ட குருணை. ஆய்வகத்துக்கெல்லாம் நாங்க அனுப்பல. ஆனா அதைப் பாத்த பிறகு அந்த இடத்துல யாரும் பூச்சின்னு பேசல. "இதைச் சமைக்காதீங்க, நாய்க்கும் போடாதீங்க, ஆழமாப் புதைங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு.

கோழிக்குப் பல் இல்ல. தின்னதை அரைக்க வயித்துல ஒரு கல்லுப்பை இருக்கு. அதுக்காகச் சின்னச் சின்னக் கல்லையும் மணலையும் தேடித் தேடிப் பொறுக்கும். இப்ப யோசிங்க. புதுசாக் கிளறின மண்ணு. கிளறின மண்ணுன்னா கோழிக்குக் கல்யாண விருந்து. அதுல மணல் அளவுல கலர் கலராக் குருணை. பக்கத்துலயே குருணைக்கு மயங்கி ஓட முடியாம நெளியற புழு. நல்லா இருக்கிற புழுவைத் தேடறதை விட மயங்கின புழுவைப் புடிக்கறது சுலபம். பூச்சி இங்கே குற்றவாளி இல்லீங்க. பூச்சியும் கோழி மாதிரியே செத்த பார்ட்டி.

வாழைக் கன்னு ஒண்ணுக்கு 40 கிராம் கார்போபியூரான் குருணைங்கிறது நம்ம பக்கம் காலங்காலமா நடக்கிற வழக்கம். நூற்புழுவுக்கும் கிழங்கு வண்டுக்கும்னு சிபாரிசும் பண்ணியிருக்காங்க. மாமா சட்ட விரோதமா எதையும் பண்ணல. மத்திய அரசு 2023ல கார்போபியூரானோட மத்த வடிவங்களைத் தடை பண்ணப்பவும் 3 சதவீதக் குருணையை விட்டு வெச்சிருச்சு. போரேட்னு இன்னொரு குருணை இருந்துச்சு, அது 2020 டிசம்பரோட நிறுத்தப்பட்டுச்சு. ஆக, பறவைக்கு இது எமன்ங்கிறது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்ல. அமெரிக்காவுல 1980கள்லயே அவங்க சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குப் போட்டுச்சு. கார்போபியூரான் குருணையால மட்டும் வருஷத்துக்கு 10 லட்சத்துலேருந்து 20 லட்சம் பறவை வரைக்கும் சாகலாம்னு சொல்லி, 1990கள்ல குருணையை அநேகமா ஒழிச்சே கட்டிட்டாங்க. சின்னப் பறவைக்கு ஒத்தைக் குருணை போதும்.

இன்னும் பழைய கதையும் உண்டு. ரேச்சல் கார்சன் 1962ல எழுதின புத்தகத்துல ராபின் பறவைங்க செத்த கதை வரும். மிச்சிகன்ல எல்ம் மரத்துக்கு வந்த நோயைத் தடுக்க டிடிடி அடிச்சாங்க. இலை உதிர்ந்துச்சு. இலையை மண்புழு தின்னுச்சு. மண்புழுவை ராபின் தின்னுச்சு. 11 பெரிய மண்புழு தின்னாலே ஒரு ராபின் சாகற அளவுக்கு டிடிடி சேர்ந்துடும்னு கணக்கு. அன்னிக்கு யாராவது "மண்புழு பறவைக்கு விஷம், ராபினைக் கூண்டுல அடைங்க"ன்னு சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்? நம்ம வீட்டுத் தீர்ப்பு கரெக்டா அந்த லட்சணத்துலதான் இருக்கு.

சரி, கூண்டும் மூட்டைத் தீவனமும்னா பாதுகாப்பான்னு பாப்போம்.

1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழி என்ன நோய்னே தெரியாம செத்துச்சு. நோய்க்குப் பேரே எக்ஸ்னு வெச்சாங்க. கடைசியில பாத்தா தீவனத்துல கலந்த பூஞ்சை புடிச்ச கடலைப் புண்ணாக்கு. அஃப்ளாடாக்சின்ங்கிற நஞ்சை உலகம் கண்டுபிடிச்சது அப்படித்தான். ஒரு பூச்சியும் அதுல சம்பந்தப்படல. 2017ல நெதர்லாந்துல, கோழிப் பேனை ஒழிக்கறோம்னு பண்ணைக் கொட்டகையில அடிச்ச மருந்துல பிப்ரோனில் கலந்திருந்துச்சு. அது முட்டைக்குள்ள போய், ஐரோப்பா முழுக்கக் கோடிக்கணக்குல முட்டையைக் கடையிலேருந்து எடுத்து அழிச்சாங்க. நம்ம நாட்டுல, மனுஷனுக்குக் கடைசி நேரத்துல குடுக்க வேண்டிய கொலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கைக் கோழி சீக்கிரம் எடை போடணும்னு தீவனத்துல கலந்துக்கிட்டு இருந்தாங்க. 2019ல அரசு தடை போட்டுச்சு. மூட்டைத் தீவனம் எல்லாமே மோசம்னு நான் சொல்ல வரல. குஞ்சுக்கும் அடை முடிச்ச கோழிக்கும் அது உதவும். மூட்டையில வந்தா சுத்தம், மண்ணுல கிடைச்சா அசுத்தம்ங்கிற அந்த நினைப்பைத்தான் சொல்றேன்.

இதுல பெரிய காமெடி, ஐரோப்பாவுல 2021ல சட்டத்தையே மாத்தி, பூச்சியைப் பதப்படுத்தி எடுத்த புரதத்தைக் கோழித் தீவனத்துல சேக்கலாம்னு அனுமதி குடுத்துட்டாங்க. கறுப்பு சிப்பாய் ஈயோட புழுவைத் தொழிற்சாலை வெச்சு வளர்க்கறாங்க. காஞ்ச எடையில சுமார் 40 சதவீதம் புரதம். அதாவது நாம பூச்சியைத் தின்னாதேன்னு கோழியை அடைச்சுட்டு, நாளைக்கு அதே பூச்சியை மூட்டையில காசு குடுத்து வாங்கிப் போடுவோம். அப்ப அதே சித்தி அதைப் பத்தி மெசேஜ் அனுப்புவாங்க. :-))

இப்ப என் ஏரியாவுக்கு வரேன். கணக்கு.

15 கோழி. ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு 80 கிராம் தீவனம்னு வெச்சுக்குங்க. ஒரு நாளைக்கு 1.2 கிலோ, மாசத்துக்கு 36 கிலோ. கிலோ 35 ரூபாய்னா 1260 ரூபாய். வரவு? இதுல முட்டை போடறது 10 பெட்டைன்னு வெச்சா, நாட்டுக்கோழி வருஷத்துக்கு 70 முட்டைன்னு 700. மாசத்துக்கு 58 முட்டை. ஒண்ணு 15 ரூபாய்னா 870 ரூபாய். முட்டைக் கணக்குல மட்டும் மாசம் 390 ரூபாய் நஷ்டம். கூண்டு செலவு, தண்ணி வைக்கிற வேலை எதையும் நான் இன்னும் சேக்கவே இல்ல. குஞ்சும் சேவலும் வித்து வர்ற காசு தனி. ஆனா கூண்டுல அடை படுக்க வெச்சு, குஞ்சைக் கூட்டிட்டு மேய விடறது எங்கே?

வெளியில மேஞ்சா? காலையிலயும் சாயங்காலமும் ரெண்டு கை கம்பு, நொய்யரிசி. மிச்சம் பூமி குடுக்குது. நாட்டுக்கோழி லாபமா இருக்கிறதே அது தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கிறதாலதான். பண்ணையில மொத்தச் செலவுல 60, 70 சதவீதம் தீவனத்துக்கே போகுதுன்னு எல்லாரும் சொல்ற கணக்கு. அந்தச் செலவை அடிக்கிறது பூச்சி. பூச்சியை நிறுத்தினா அம்மாயி கோழி வளர்ப்பையே நிறுத்த வேண்டியதுதான்.

உண்மையான பிரச்சனை இங்கேதான் இருக்கு. கோழி அம்மாயியோடது. முட்டைக் காசு அவங்க சுருக்குப் பைக்குப் போகும். அவங்க மாத்திரை, கோயில் செலவு, பேரப் பசங்களுக்குத் தீபாவளிக்கு நூறு ரூபாய் எல்லாம் அதுலேருந்துதான். யார்கிட்டயும் கை நீட்டாம இருக்க அவங்களுக்கு இருக்கிற ஒரே வருமானம் அது. வாழை மாமாவோடது. குருணை வைக்கிற முடிவு மாமாவோடது. லாபம் மாமா பேரேட்டுல வரவாகும். நஷ்டம் அம்மாயி பேரேட்டுல பற்றாகும். ரெண்டு பேரேடும் ஒரே வீட்டுல இருந்தும் யாரும் ஒத்திட்டுப் பாக்கல. அதனாலதான் பூச்சின்னு ஒரு மூணாவது பேர் தேவைப்படுது. பூச்சி வந்து மறுத்துப் பேசாது பாருங்க. ஊர்ல முக்கால்வாசித் தோட்டத்துல இதே கதைதான். மருந்து டப்பா ஆம்பளை கையில, பஞ்சாரம் பொம்பளை கையில. செத்தா பூச்சி.

"அப்ப மருந்தே அடிக்காம விவசாயம் பண்ணச் சொல்றியா? நீ வந்து பண்ணு பாக்கலாம்"னு மாமா கேட்டாரு. நியாயமான கேள்வி. எனக்கு வாழை வெக்கத் தெரியாது. நான் கேக்கறது அவ்வளவு பெருசு இல்ல.

மருந்து வைக்கறதுக்கு முந்தின நாளே வீட்டுல சொல்லுங்க. பக்கத்துத் தோட்டத்துக்கும் சொல்லுங்க. கோழிக்கு வேலி எது, வரப்பு எது? குருணை வெச்சா மேலாகத் தூவிட்டு வராம மண்ணை நல்லா மூடுங்க. சிந்தினதைப் பொறுக்குங்க. அந்தப் பக்கம் கோழி போகாம ஒரு பழைய வலையாவது கட்டுங்க. லேபிள்ல எத்தனை நாள்னு போட்டிருக்கோ அத்தனை நாள் கோழியை அடைச்சு வைங்க. அந்த நாளுக்கான தீவனக் காசை வாழைக் கணக்குல எழுதுங்க, கோழிக் கணக்குல எழுதாதீங்க. வீட்டைச் சுத்திக் கரப்பானுக்கும் எறும்புக்கும் பவுடர் கொட்டறவங்களுக்கும் இதேதான். மாடித் தோட்டத்துல நத்தைக்கு மாத்திரை போடறவங்களுக்கும் இதேதான். அந்த மாத்திரை கோழிக்கும் நாய்க்கும் ஆகாது.

கோழி செத்தா, "பூச்சி"ன்னு சொல்றதுக்கு முன்னால எப்படிச் செத்துச்சுன்னு பாருங்க. நாள் கணக்குல இளைச்சு செத்துச்சா, புழு. கழுத்து முறுக்கிப் பச்சையாக் கழிஞ்சு கூட்டமா செத்துச்சா, வெள்ளைக்கழிசல். கழுத்து துணி மாதிரித் தொங்குதா, பக்கத்துல அழுகின பொருள் எங்கேன்னு தேடுங்க. காலையில நல்லா இருந்து அரை மணி நேரத்துல எச்சில் ஒழுகி விழுந்துச்சா, அன்னிக்கு யார் எங்கே என்ன மருந்து வெச்சாங்கன்னு கேளுங்க. சந்தேகம்னா கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. கேக்கறதுக்குச் சங்கடமாத்தான் இருக்கும், ஏன்னா பெரும்பாலும் பதில் சொல்ல வேண்டியவர் நம்ம வீட்டு ஆளாத்தான் இருப்பாரு.

கடைசியா என்னாச்சுன்னா, கூண்டு வாங்கல. மாமா தப்பை ஒத்துக்கவும் இல்ல. "ரெண்டும்தான் காரணம், பூச்சியும் இருந்துச்சுல்ல"ன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்றாரு. ஆனா போன வாரம் மறுபடி குருணை வைக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வாசல்ல நின்னு, "அம்மா, நாளைக்குக் கோழியை விடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனாராம். அம்மாயி போன்ல சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. செவலைக் கோழி பொரிச்ச குஞ்சு ஏழு, தாயில்லாம பஞ்சாரத்துக்குள்ள இருக்கு. தினமும் சாயங்காலம் அம்மாயி அதுங்களுக்குன்னு ஓட்டைப் பானையைக் கவுத்து வைக்கறாங்க. வாழைக்காட்டுப் பக்கம் இல்ல, கெணத்து மேட்டுக்கு அந்தப் பக்கம்.

பின்குறிப்பு: சித்திக்கு ஒரு டஜன் முட்டை குடுத்து அனுப்பினாங்க அம்மாயி. வாங்கிட்டாங்க. :-)